சித்தி பூஜ்யம் எழுதமாட்டாள்

என்னைப் பெற்றவளை நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். வளர்த்தவள் அவளுடைய அக்கா. எனக்கு அம்மா என்றால் அவள்தான். பெற்ற அப்பா நான் பிறப்பதற்கு முன்பே வேறு ஊரில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார், அவர் கதை இங்கே வேண்டாம். இதெல்லாம் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். வீட்டில் யாரும் ஒளித்து மறைக்கவில்லை. மறைத்திருந்தால் ஒருநாள் கண்டுபிடித்து அழுது ஆர்ப்பாட்டமாவது செய்திருப்பேன். அந்தக் கொடுப்பினையும் இல்லை.

சித்திக்கு வேலை எலி வீட்டில். பெரிய ஆராய்ச்சிக் கட்டடம் ஒன்றின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத நான்கு அறைகள். வாசல் பலகையில் ஏதோ நீளமான பெயர் இருக்கும். உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எலி வீடு என்றுதான் சொல்வார்கள். கூண்டு கழுவுவாள், மரத்தூள் மாற்றுவாள், தண்ணீர் பாட்டில் நிரப்புவாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் 'ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார்' என்று பீற்றிக்கொள்வேனே தவிர, இதையெல்லாம் வாய் திறந்து சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தவுடன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்காருவாள். அப்படியும் நான் விடமாட்டேன். எலி வாசனை அடிக்கிறது சித்தி என்பேன். எலி உன்னைவிடச் சுத்தம்டி என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். சிரித்துக்கொள்வோம். அது அவளுக்கு வலித்திருக்குமோ என்று யோசிக்கிற புத்தி எனக்கு எப்போது வந்தது என்று கேட்காதீர்கள். போன மாதம்தான் வந்தது. எனக்கு வயது இருபத்து மூன்று.

பத்தொன்பது வருஷம் கூண்டு கழுவியவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நல்ல காலம் வந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அங்கே சேர்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். சித்தி அவளை மேடம் என்பாள், அவள் சித்தியை அக்கா என்பாள். கூடமாட உதவிக்கு ஆள் வேண்டும், அதுவும் எலிகள் பயப்படாத ஆள் வேண்டும் என்று அவள் கேட்டதற்கு எல்லோரும் சித்தியைத்தான் கைகாட்டினார்கள். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச்சை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அங்கே அவளுக்கு வாட்ச் அக்கா என்று பெயர். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கும் அதை மாட்டிக்கொண்டே வந்துவிட்டாள். பால் பொங்க எத்தனை நிமிஷம், அம்மா தலை பின்ன எத்தனை நிமிஷம் என்று அளந்து அளந்து சொல்லி எங்கள் உயிரை வாங்கினாள். அவ்வளவு பெருமை.

மாணவியின் ஆராய்ச்சி இதுதான். அபினியிலிருந்து எடுக்கிற மார்ஃபின் என்ற வலிமருந்தைத் தாய் எலிக்குப் போட்டால், அது குட்டிகளைப் பார்த்துக்கொள்வதில் என்ன மாறுகிறது? மூளை அந்த மருந்தைப் போல ஒன்றைத் தானாகவே சுரக்கிறதாம். பிரசவ நேரத்தில் வலியைத் தாங்க அது ஏறுமாம், குட்டி பிறந்தபின் இறங்குமாம். இறங்கினால்தான் தாயின் மனசு குட்டி பக்கம் திரும்பும் போலிருக்கிறது, வெளியிலிருந்து ஊசியில் போட்டால் திரும்பாமல் போய்விடுமோ என்பது அவள் கேள்வி. சித்தி இதை என்னிடம் சொன்னபோது நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

சோதனை சின்னதுதான். எட்டுக் குட்டிகளையும் எடுத்து வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டுத் தாய்க்கு ஊசி போடுவார்கள். அரைமணி கழித்து, கூண்டின் ஒரு மூலையில் தாயின் படுக்கை இருக்க, எதிர்ப்பக்கம் குட்டிகளைப் பரப்பி விடுவார்கள். பதினைந்து நிமிஷத்துக்குள் எத்தனை குட்டியைத் தாய் வாயால் கவ்விக்கொண்டுபோய்ப் படுக்கையில் சேர்க்கிறது என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். ஊசிக் குழாய்களில் சிலவற்றுக்குப் பச்சை ஒட்டு, சிலவற்றுக்கு மஞ்சள் ஒட்டு. ஒன்று மருந்து, மற்றது வெறும் உப்புத் தண்ணீர். எது எதுவென்று பேராசிரியருக்கு மட்டும் தெரியும். அதை எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டார். எண்ணுகிறவர்களின் கண் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கண் ஏமாற்றவில்லை, கைதான் ஏமாற்றியது.

பச்சைத் தாய்கள் ஐந்து நிமிஷத்தில் எட்டையும் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மேலே கவிழ்ந்து பால் கொடுக்க ஆரம்பித்துவிடும். மஞ்சள் தாய் வரும், மோந்து பார்க்கும், குட்டியின் மேலேயே கால் வைத்துத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். குட்டிகள் கத்துவது நம் காதுக்குக் கேட்காத சத்தம். சித்திக்கு வாய் திறப்பது மட்டும் தெரியும். முடி முளைக்காத சிவப்பு உடம்பு, திறந்து திறந்து மூடுகிற வாய், பதினைந்து நிமிஷம். தாய்க்கு அந்தச் சத்தம் கேட்கும் என்று மாணவி சொல்லியிருந்தாள்.

முதல் மஞ்சள் தாய்க்கு வாட்ச் நின்றதும் சித்தி நோட்டைத் திறந்தாள். பூஜ்யம் எழுத வேண்டிய இடம். மாணவி பக்கத்து அறையில் அடுத்த கூண்டைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சித்தி பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்று என்று எழுதினாள்.

பரீட்சையில் வாத்தியார்கள் போடுவார்களே கருணை மார்க், அது மாதிரி. அதற்குப் பிறகு வந்த மஞ்சள் தாய்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று, மனசு ரொம்பக் கஷ்டப்பட்ட நாளில் இரண்டு. எந்தத் தாய்க்கும் அவள் கையால் பூஜ்யம் போடவில்லை. கேட்டால், "ஒரு தாய்க்குப் போய் சைபர் போடுறதா? என்னால முடியலடி" என்கிறாள்.

ஏன் முடியவில்லை என்றால், அதற்கு நான் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். வயிற்றைக் கிழித்துத்தான் என்னை எடுத்தார்கள். தையல் போட்ட இடம் சீழ் பிடித்துவிட்டது. வலியில் துடித்தவளுக்கு மூன்று நாள், விட்டு விட்டு, பலமான ஊசி போட்டார்கள். அந்த மூன்று நாளும் அவள் என்னைத் தொடவில்லை. பக்கத்தில் கொண்டுவந்து போட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம். யாரோ தவறுதலாக வைத்துவிட்டுப் போன பார்சலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாளாம். நான் கத்துவது காதில் விழுந்தது, ஆனால் அது தனக்கான சத்தம் என்று தோன்றவே இல்லை என்கிறாள். அவள் அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. என்னை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் படுத்திருந்த அந்த வார்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள்.

"நீயெல்லாம் ஒரு தாயா?"

கேட்டது என் அம்மா. கோபத்தில் கேட்டாள், அதை மறந்தும் போய்விட்டாள். சித்தி மறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு குழந்தை கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்றார்கள், சரி என்றாள். கொஞ்ச நாள் கொஞ்ச வருஷமானது, அப்போதும் சரி என்றாள். எலி வீட்டில் வேலைக்குச் சேர்ந்து தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து போனாள்.

சரி, எலிக்கு வருவோம். ஒரு வருஷம் கழித்துப் பேராசிரியர் உறையைப் பிரித்தார். மஞ்சள்தான் மருந்து. ஆனால் கணக்கு உதைத்தது. அவர் எதிர்பார்த்தது பூஜ்யம், நோட்டில் இருந்ததோ ஒன்றும் இரண்டும். மருந்து போதவில்லை என்று முடிவு செய்தார். அளவைக் கூட்டி, இன்னும் பன்னிரண்டு தாய்களை வைத்துத் திரும்பச் செய்யச் சொன்னார். மாணவிக்கு ஒரு வருஷ உழைப்பு போச்சு. அழுது முகம் வீங்கி வந்தவளுக்குச் சித்திதான் டீ வாங்கிக் கொடுத்து, எல்லாம் நல்லபடியாக முடியும் மேடம் என்று ஆறுதல் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மேடம் முகத்தில் எப்படி விழிப்பது என்பது மீதி.

கூட்டின அளவில் மூன்றாவது தாய்க்கு ஊசி போட்ட அன்று, அது நடக்கக்கூட இல்லை. ஒருக்களித்துப் படுத்தது. குட்டிகள் எதிர்ப்பக்கம் வாயைத் திறந்து கிடந்தன. சித்தி ஏழு நிமிஷம் வரை வாட்ச்சையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், மூச்சு ஏறி இறங்குவதை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கத்தி மாணவியைக் கூப்பிட்டாள். அவள் மாற்று மருந்தை எடுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்து போட்டும் பயனில்லை. பதினைந்து நிமிஷம் ஆவதற்குள் அது செத்துவிட்டது.

எட்டுக் குட்டிகளையும் வேறொரு தாயின் கூண்டில் விட்டார்கள். அது மறுப்பு ஒன்றும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டது. சித்தி அதையும் நின்று பார்த்தாள்.

அன்று மத்தியானம் தீவன மூட்டை அடுக்கி வைத்திருக்கிற அறையில் மாணவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மாணவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபின் நோட்டை வாங்கி, எது எது பொய் என்று காட்டச் சொன்னாள். சித்தி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். பதினான்கு இடம். மாணவி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறாள் சித்தி. "எத்தனை எலி வீணாப்போச்சு தெரியுமாக்கா" என்று மட்டும் கேட்டுவிட்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய்விட்டாள்.

வேலை போகவில்லை. ஸ்டாப்வாட்ச் போயிற்று. மறுபடியும் கூண்டு கழுவுகிற இடத்துக்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் வாட்ச் அக்கா என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. யாராவது அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் உடம்பு கூசிப்போகிறதாம். அந்த மாதம் சனிக்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டில் சரியாகச் சாப்பிடவே இல்லை. நான் அதைக் கவனித்தேன். கேட்கவில்லை.

இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மாணவி, ஒருநாள் கழுவுகிற இடத்துக்கு வந்து, வாங்கக்கா ஒன்று காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாளாம். பழைய அளவிலேயே சோதனையைத் திரும்ப ஆரம்பித்திருந்தாள். ஒரு மஞ்சள் தாய். பதினைந்து நிமிஷம், ஒரு குட்டியைக்கூடத் தொடவில்லை. மாணவி சித்தியின் கண்ணெதிரிலேயே பூஜ்யம் எழுதினாள். பிறகு அதே தாய்க்கு மாற்று மருந்தைப் போட்டாள். மார்ஃபின் மூளையில் போய் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அதைக் கிளப்பிவிடுகிற மருந்து அது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தாய் தலையைத் தூக்கியது. திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டையும் கவ்விக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மேலே கவிழ்ந்துகொண்டது.

"பாத்தீங்களாக்கா? சைபர் தாய்க்குப் போட்ட மார்க் இல்ல. மருந்துக்குப் போட்டது."

சித்தி மனுஷிக்கும் இப்படித்தானா மேடம் என்று கேட்டாள். அந்தப் பெண் நேர்மையானவள். ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. எலியைப் பற்றி என்றால் சொல்லலாம், மனுஷிக்கு இதுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது, மனுஷிக்கு வலி இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, பயம் இருக்கிறது, எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும் என்றாள். சித்தி அதோடு விடவில்லை. அந்த மாதிரி ஊசி மனுஷி உடம்பில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டாள். சில மணி நேரம்தான், நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் சுத்தமாகப் போய்விடும் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுதான் போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கை கழுவவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு, நான் இதுவரை எழுதிய அத்தனையையும் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். நான் மறுவாரத்துக்குத் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கசங்கின சட்டையோடு போனால் முதலாளிக்குப் பிடிக்காது.

அம்மாதான் முதலில் பேசினாள். அன்றைக்கு ஏதோ கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன், அதையா இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தாய் என்று கேட்டாள். நீ கேட்டதில் தப்பே இல்லை அக்கா என்றாள் சித்தி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூணு நாள் ஊசி. அது என் தப்பு இல்லன்னே வெச்சுக்குவோம். அஞ்சாம் நாள் ஊசி இல்லம்மா. எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலிச்சுது. நீ வார்டு வாசல்ல அக்கா தோள்ல அழுத. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. எழுந்து வந்து தூக்கியிருக்கலாம்."

"ஏன் வரல?" என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"வெக்கமா இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் மார்க் போட்டாச்சே, இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து கேக்கறதுன்னு. அந்த எலிக்கு வெக்கம் தெரியல. மருந்து எறங்கினதும் போய்த் தூக்கிக்கிச்சு."

நான் அப்போது சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. சின்ன வயதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள் கிளம்பும்போது நான் வாசலில் என்ன செய்வேன் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏன் இல்லாமல், சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து வழியனுப்ப நிற்பாயே, நான் வாங்கிக் கொடுத்த செருப்பு என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது.

"வழியனுப்ப இல்ல சித்தி. வான்னு சொன்னா கெளம்பலாம்னு போட்டுக்கிட்டு நிப்பேன். ஆறு வயசு வரைக்கும் நின்னேன்."

சொல்லிவிட்டுச் சட்டையின் காலரை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தேன். ஆறு வயதுக் குழந்தை மனசில் நினைத்ததை இருபத்து மூன்று வயதில் எடுத்து, அவள் ஏற்கெனவே குனிந்து நிற்கிற நேரம் பார்த்து அவள் தலையில் போட்டேன். அதைத் தெரிந்தேதான் செய்தேன். சித்தி குளியலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அன்று அம்மா எவ்வளவோ சொல்லியும் சாப்பிடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தும் கிளம்பிவிட்டாள். நான் வாசல் வரை போனேன். செருப்பை மாட்டியவள் படியிறங்காமல் நின்றாள். அவள் என்னைக் கேட்கப் போகிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தவுடனே எனக்குப் பயம் வந்தது, ஏன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

"வர்றியா? என் ரூமுக்கு. இன்னைக்கு ராத்திரி இருந்துட்டு, நாளைக்கு சாயங்காலம் நானே கொண்டுவந்து விடறேன்."

குரலில் தைரியம் இல்லை. கேட்டுவிட்டுத் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வருஷம் அவள் கேட்காத கேள்வி. நான் அந்தச் செருப்பைக் கழற்றி வெகு நாளாயிற்று, ஆனாலும் அந்தக் கேள்விக்காகத்தான் நின்றிருந்தேன். என் உடம்பில் எந்த ஊசியும் இல்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"நாளைக்கு வேலை இருக்கு சித்தி" என்றேன்.

"ஆமா ஆமா, வேலைய விட முடியுமா" என்றாள் அவசரமாக. என் கன்னத்தைத் தொட வந்த கை, பாதியில் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டது. படியிறங்கிப் போனாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கடைக்கு விடுமுறை. அது அவளுக்கும் தெரியும்.